பட்டறையில் இரண்டு பேர்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடருக்கு மேற்கே ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் கோதுமைக்குப் பேர்போன மண். அதன் தெற்குப் பக்கத்தில், ராக்பிரிட்ஜ் கவுண்டியில் வால்நட் குரோவ் என்றொரு பண்ணை. 1822இல் கட்டிய செங்கல் வீடு, மாவரைக்கும் நீராலை, கொல்லுப்பட்டறை என்று பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 1954இல் பண்ணைக்குச் சொந்தக்காரக் குடும்பம் அதை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டது. மொத்தம் 634 ஏக்கர். ஒரு பக்கம் அருங்காட்சியகம், மறுபக்கம் மேய்ச்சல் நிலமும் மாடுகளுமாக வேளாண் ஆராய்ச்சி நிலையம். 1964இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

உலகத்தில் எத்தனையோ பண்ணைகள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: ஒரு பழைய வண்டி, ஒரு கலப்பை, வெண்ணெய் கடையும் மரப்பாத்திரம், வார இறுதியில் குழந்தைகளுக்கு ஆட்டுக்குட்டி. வால்நட் குரோவின் கதை வேறு. உலகத்து விவசாயத்தின் போக்கையே மாற்றிய ஓர் இயந்திரம் அந்தச் சின்னக் கொல்லுப்பட்டறையில் பிறந்தது என்பார்கள். கதிரறுக்கும் இயந்திரம். ஆண்டு 1831. செய்தவர் பெயர் சைரஸ் மெக்கார்மிக். அப்போது அவருக்கு 22 வயது.

"செய்தவர்" என்று எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

*

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். நெல்லோ கோதுமையோ, கையால் அறுக்கும்போது உடம்பு என்ன செய்கிறது? இடது கை தாளை வளைத்துப் பிடிக்கிறது. வலது கையின் அரிவாள் அடியில் இழுக்கிறது. பிடிக்காமல் வெறும் அரிவாளை வீசினால் தாள் சாயுமே தவிர அறுபடாது. அறுத்ததைத் தலை ஒரு பக்கமாக இருக்கும்படி கீழே வைக்க வேண்டும். வைத்ததைப் பின்னால் வருகிறவர் கட்ட வேண்டும். வயலில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குக்கூட இது தெரியும்.

வர்ஜீனியாவில் அப்போது குனிந்து அறுக்கவில்லை. நீளமான பிடி வைத்த பெரிய அரிவாளை நின்றபடி வீசுவார்கள். அந்த அரிவாளோடு விரல்கள் மாதிரி மரக்குச்சிகள் வரிசையாகச் சேர்ந்திருக்கும். அறுபட்ட கதிர் அந்த விரல்களில் விழுந்து, ஒழுங்காகத் தரையில் இறங்கும். பலசாலியான ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 2 ஏக்கர் அறுக்கலாம். கோதுமை பழுத்துவிட்டால் சில நாட்கள்தான் தாங்கும். அதற்குள் அறுக்காவிட்டால் மணி உதிர்ந்துவிடும், மழை வந்தால் அதுவும் போச்சு. எவ்வளவு நிலத்தை உழ முடியும் என்பது பிரச்சினையே இல்லை. எவ்வளவு நிலத்தை அறுக்க முடியும் என்பதுதான் ஒரு விவசாயியின் எல்லை.

மெக்கார்மிக் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், அறுக்கிற ஆளின் உடம்பு துண்டு துண்டாக உள்ளே இருப்பது தெரியும். மேலே சுழலும் ஒரு சட்டம் கதிரை உள்ளே வளைத்துக் கொடுக்கிறது. அது இடது கை. கீழே பற்கள் வைத்த கத்தி முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அது வலது கை. கத்திக்கு முன்னால் சீப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விரல்கள் தாளைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அறுபட்டது பின்னால் இருக்கிற பலகையில் விழுகிறது. பெரிய சக்கரம் தரையில் உருளும்போது அந்தச் சுழற்சியே கத்தியையும் சட்டத்தையும் இயக்குகிறது. குதிரை பின்னாலிருந்து தள்ளவில்லை, பக்கவாட்டில் முன்னால் நின்று இழுக்கிறது. அதனால் அறுக்காத கதிரை அது மிதிப்பதில்லை.

பலகையில் விழுந்த கதிரை வாரிக் கீழே தள்ள மட்டும் ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் வாருகோலோடு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வர வேண்டும்.

1831 ஜூலை கடைசியில், வால்நட் குரோவுக்குப் பக்கத்தில் ஸ்டீல்ஸ் டேவர்ன் என்ற இடத்தில், ஜான் ஸ்டீல் என்பவரின் ஓட்ஸ் வயலில் இதை ஊருக்கு முன்னால் ஓட்டிக் காட்டினார்கள். பிற்பகலுக்குள் 6 ஏக்கர் அறுத்தது என்று சொல்வார்கள். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்து கதிர் வாரியவர் ஜோ ஆண்டர்சன் என்கிறது மெக்கார்மிக் குடும்ப வரலாறு. அவர் 1808இல் பிறந்தவர். சைரஸ் பிறந்தது 1809. கிட்டத்தட்ட ஒரே வயதுப் பையன்கள், ஒரே பண்ணையில் வளர்ந்தவர்கள். ஒரு வித்தியாசம்தான். ஜோ ஆண்டர்சன் அந்தக் குடும்பத்தின் அடிமை.

*

ஜோ ஆண்டர்சனுக்கு வருவதற்கு முன்னால், இந்தக் கண்டுபிடிப்புக்கு ஏற்கெனவே எத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

முதலில் அப்பா. ராபர்ட் மெக்கார்மிக். பண்ணையாரும் அவர்தான், ஆலைக்காரரும் அவர்தான், பட்டறையில் இரும்பு அடிக்கிறவரும் அவர்தான். கதிரறுக்கும் இயந்திரம் அவருடைய பல வருஷக் கனவு. செய்து செய்து பார்த்தார், வரவில்லை. 1831இல் கைவிட்டார். அவர் விட்ட இடத்தில் மகன் எடுத்தார் என்பது ஊரறிந்த கதை. சைரஸின் தம்பி லியாண்டர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கண்டுபிடித்தது அப்பாதான், அண்ணன் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்பது அவர் கட்சி. அண்ணன் இறந்த அடுத்த வருஷமே, 1885இல், அப்பாவின் நினைவாக ஒரு புத்தகம் போட்டு அதை அச்சிலும் ஏற்றினார். (அதே வருஷம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு லியாண்டர் கொடுத்த 26 அங்குலத் தொலைநோக்கியோடு ஒரு வானாய்வகம் திறக்கப்பட்டது. கதிரறுத்த காசு நட்சத்திரம் பார்க்கப் போனது.)

அடுத்து ஓபெட் ஹஸ்ஸி. கடலில் வேலை பார்த்தவர். மெக்கார்மிக் பண்ணையைப் பற்றி எதுவும் தெரியாமல் தனியாக ஒரு கதிரறுப்பான் செய்து, 1833 டிசம்பர் 31இல் காப்புரிமை வாங்கிவிட்டார். செய்தி தெரிந்து அலறியடித்துக்கொண்டு சைரஸ் காப்புரிமை வாங்கியது 1834 ஜூன் 21. ஹஸ்ஸியின் கத்தி அமைப்பு மெக்கார்மிக்குடையதைவிட நன்றாக வேலை செய்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. பாவம், அவர் வியாபாரத்தில் தோற்றார். 1860இல் ரயில் விபத்தில் இறந்தார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால், ஸ்காட்லாந்தில் பாட்ரிக் பெல். பாதிரியார் ஆகப் படித்துக்கொண்டிருந்த பையன். 1828லேயே ஓர் இயந்திரத்தை வயலில் ஓட்டிக் காட்டினார். அதில் குதிரை பின்னாலிருந்து தள்ளும். அவர் காப்புரிமையே வாங்கவில்லை.

மெக்கார்மிக் வழக்கு மேல் வழக்காகப் போட்டார். இலினாய் மாநிலத்தின் ஜான் மேனி என்ற உற்பத்தியாளர் மீது போட்ட வழக்கு பிரபலமானது. மேனி தரப்பு உள்ளூர் வக்கீல் ஒருவரையும் அமர்த்தியிருந்தது. 1855இல் விசாரணை சின்சினாட்டிக்குப் போனபோது, அந்த உள்ளூர் வக்கீலைப் பெரிய வக்கீல்கள் மதிக்கவே இல்லை, வாதாட விடவும் இல்லை. பார்வையாளராக உட்கார்ந்துவிட்டு வந்தார். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். அவரை ஓரங்கட்டியவர் எட்வின் ஸ்டான்டன். பின்னால் அதே ஸ்டான்டனைத்தான் லிங்கன் தன் போர் அமைச்சராக ஆக்கினார். வழக்கில் மெக்கார்மிக் தோற்றார்.

இத்தனை சண்டை, இத்தனை சாட்சியம், ஆயிரக்கணக்கான பக்கங்கள். மெக்கார்மிக் குடும்பத்தின், கம்பெனியின் காகிதங்கள் இன்று விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அப்பா, மகன், தம்பி, போட்டியாளர் என்று ஒவ்வொருவருக்கும் வாதாட ஆள் இருந்தது. இந்தச் சண்டையில் யாரும் வக்கீல் வைக்காத ஒரே ஒருவர், முதல் நாள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர்.

*

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நாம் எல்லோரும் வேற்றுமை உருபு படித்திருக்கிறோம். மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு. பொருள் மூன்று: கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி. கருத்தாவில் மறுபடி இரண்டு. "அரசனால் கட்டப்பட்ட கோயில்" என்றால் ஏவுதற் கருத்தா. "தச்சனால் கட்டப்பட்ட கோயில்" என்றால் இயற்றுதற் கருத்தா. மனப்பாடம் செய்து, மார்க் வாங்கி, மறந்துபோன விஷயம்.

மெக்கார்மிக் பண்ணையைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்த இலக்கணம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. கோயில் கட்டியது அரசனா தச்சனா என்ற கேள்வியை நம் இலக்கணக்காரர்கள் எவ்வளவு நிதானமாகக் கையாண்டிருக்கிறார்கள்! இரண்டு பேருமே கருத்தா, ஆனால் வேறு வேறு மாதிரி கருத்தா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே ராஜராஜன் பெயரோடு குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது. தச்சன் பெயரிலும் ராஜா பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

பேச்சில் மட்டும் இந்த நிதானம் கிடையாது. நான் டெல்டா பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் "தாத்தா குறுவை அறுத்துட்டாரு, இனிமே தாளடி நடணும்" என்பார்கள். தாத்தா அரிவாளைத் தொட்டதெல்லாம் ஆயுத பூசை அன்றைக்குச் சந்தனம் வைக்கத்தான். அறுத்தவர்கள் தெருவின் அந்தக் கோடியிலிருந்து வந்தவர்கள். ஆனால் வாக்கியத்தில் அவர்கள் கிடையாது. யாரும் பொய் சொல்லவில்லை. மொழி அப்படிப் பழகிவிட்டது. ஏவியவர் பெயர் நிற்கும், இயற்றியவர் பெயர் உதிர்ந்துவிடும். நாலு தலைமுறை கழித்து அதுதான் வரலாறு.

சைரஸ் மெக்கார்மிக் எங்கள் தாத்தா மாதிரி வெறும் ஏவுதற் கருத்தா அல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலேயே வயலில் இறங்கி அறுத்தவர். 15 வயதில், பெரியவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று தனக்கென்று எடை குறைந்த அரிவாள் ஒன்று செய்துகொண்டார் என்பார்கள். பட்டறையில் அவர் கையும் கரியானது. அதனால்தான் இந்த விஷயம் சுலபமாக இல்லை. ஒரு பக்கம் வெள்ளைச் சட்டை முதலாளி, மறுபக்கம் வியர்வை சிந்தும் உழைப்பாளி என்று படம் போட முடியாது. இரண்டு பேருமே உலைக்கு முன்னால் நின்றவர்கள். இரண்டு பேருக்குமே கோதுமைத் தாள் எப்படிச் சாயும் என்று உள்ளங்கையில் தெரியும். ஒருவருக்குத்தான் அதைத் தன் பெயரில் எழுதிக்கொள்ள உரிமை இருந்தது.

உரிமை என்று நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொல்கிறேன். 1850களில் மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை, பருத்தி வயலைச் சுரண்டிச் சீராக்கும் ஒரு கருவியைச் செய்தார். அவருடைய உரிமையாளர் ஆஸ்கர் ஸ்டூவர்ட், அதற்குத் தனக்குக் காப்புரிமை வேண்டும் என்று கேட்டார். அடிமையின் கையுழைப்பு எப்படி எஜமானனுக்குச் சொந்தமோ, அதே மாதிரி அவன் மூளை உழைப்பும் எஜமானனுக்குச் சொந்தம் என்பது வாதம். 1858இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜெரமையா பிளாக் முடிவு சொன்னார்: அடிமை செய்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை இல்லை. எஜமானன் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அதனால் அவனுக்குத் தர முடியாது. அடிமை குடிமகன் இல்லை, அதனால் அவனுக்கும் தர முடியாது. அப்படியென்றால் கண்டுபிடித்தது யார்? சட்டத்தின் கண்ணில் யாருமே இல்லை. 1861இல் தனி நாடு அறிவித்த தென்மாநிலங்கள் தங்கள் காப்புரிமைச் சட்டத்தில் இந்த ஓட்டையை அடைத்துக்கொண்டன. அடிமை கண்டுபிடித்தால் எஜமானன் காப்புரிமை வாங்கலாம்!

மூன்றாம் வேற்றுமைக்குத் திரும்பிப் போனால், ஜோ ஆண்டர்சனைச் சட்டம் எந்த இடத்தில் வைத்தது என்று தெரியும். கருத்தாவில் அல்ல. கருவியில். "சுத்தியலால் அடித்தான்" என்பதில் வரும் சுத்தியலின் இடம்.

*

1931இல் கதிரறுக்கும் இயந்திரத்தின் நூற்றாண்டு வந்தது. கண்டுபிடித்தவரின் பேரன், அவர் பெயரும் சைரஸ் மெக்கார்மிக்தான், அந்த நூற்றாண்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஜோ ஆண்டர்சனின் பெயரைச் சொல்லி, இயந்திரத்தைக் கட்டுவதில் தாத்தாவின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர், கௌரவிக்கப்பட வேண்டியவர் என்று எழுதியிருக்கிறார். அடிமை என்பதையும் மறைக்கவில்லை. பண்ணையாள், நண்பர் என்றும் சொல்கிறார்.

குடும்பத்துக்குள்ளிருந்தே ஒருவர் இப்படி எழுதியது பெரிய விஷயம்தான். ஆனாலும் கவனியுங்கள். கருவியாக இருந்தவர் இப்போது உடனிகழ்ச்சிக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான். "மெக்கார்மிக்கோடு ஆண்டர்சன்". தொல்காப்பியம் இந்த 'ஓடு' உருபைப் பற்றி ஒரு விதி சொல்கிறது: இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தால், உயர்ந்தவர் பெயரோடுதான் 'ஓடு' சேர வேண்டும். அரசனோடு சேவகர் வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், சேவகரோடு அரசன் வந்தான் என்று அல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய நம்மூர் இலக்கணமும் 1931ஆம் வருஷத்து அமெரிக்கப் புத்தகமும் ஒரே மாதிரி யோசிக்கின்றன.

கடந்த சில வருஷங்களாக இதற்கு நேர்மாறான ஒரு பேச்சும் இருக்கிறது. உண்மையான கண்டுபிடிப்பாளர் ஜோ ஆண்டர்சன்தான், மெக்கார்மிக் திருடிவிட்டார் என்று. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பாதையில் என்னால் போக முடியவில்லை. சிலையில் ஒரு தலையை எடுத்துவிட்டு இன்னொரு தலையை வைப்பது மாதிரி இருக்கிறது. அறுப்பு இயந்திரம் ஒரு தலையிலிருந்து உதித்த விஷயமே இல்லை. அப்பாவின் பல வருஷத் தோல்வி, மகனின் பிடிவாதம், இரும்பைச் சூடாக்கி வளைத்த கை, வாருகோலோடு நடந்து பார்த்து எங்கே சிக்குகிறது என்று கண்டுகொண்ட கண், இதெல்லாம் சேர்ந்தால்தான் இயந்திரம். 'கண்டுபிடிப்பாளர்' என்ற ஒருமைச் சொல்லைத்தான் நான் சந்தேகிக்கிறேன். அந்த ஒருமையில் யார் உட்கார வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

*

1847இல் சைரஸ் சிக்காகோவுக்குப் போய்த் தொழிற்சாலை தொடங்கினார். கோதுமை மேற்கே பிரெய்ரி சமவெளிக்கு நகர்கிறது என்பதை அவர் சரியாகக் கணித்திருந்தார். ஜோ ஆண்டர்சன் வர்ஜீனியாவிலேயே இருந்தார்.

சைரஸின் உண்மையான மேதைமை வியாபாரத்தில்தான் என்று பலரும் சொல்வார்கள். சுமார் 120 டாலர் விலை. கொஞ்சம் முன்பணம் கொடுத்தால் போதும், மீதியை அறுவடைக்குப் பிறகு தரலாம். ஊருக்கு ஊர் ஏஜெண்ட், எழுத்தில் உத்தரவாதம், கழன்றால் மாற்ற உதிரிபாகம். 1848இல் காப்புரிமைக் காலம் முடிந்து, நீட்டிப்பும் கிடைக்காமல் போனபோதுகூட அவர் விழவில்லை. 1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சிக்கு இயந்திரத்தைக் கொண்டுபோனார். முதலில் பத்திரிகைகள் கேலி செய்தன. மழையில் நனைந்த கோதுமையை அது அறுத்துக் காட்டியதும் பதக்கம் கொடுத்தார்கள்.

உள்நாட்டுப் போரின்போது இந்த இயந்திரங்கள் வட மாநிலங்களுக்குக் கைகொடுத்தன. பையன்கள் படைக்குப் போன பின்னும் கோதுமை அறுபட்டது. அடிமை முறையை முடித்துவைத்த அந்தப் போரில், ஓர் அடிமையின் கைபட்டுப் பிறந்த இயந்திரத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் இயந்திரத்தை விற்றவருக்கு அந்தப் போரில் விருப்பம் இல்லை. சமரசம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர் அவர். 1864இல் ஜனநாயகக் கட்சி சார்பில் காங்கிரசுக்கு நின்று தோற்றார்.

1884இல் சைரஸ் இறந்தார். மகன் பொறுப்புக்கு வந்தார். தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளர்களின் சங்கம் வலுவாக இருந்தது. அவர்களுக்குப் பதிலாக வார்ப்பு இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். கதவடைப்பு, வேலைநிறுத்தம். 1886 மே 3ஆம் தேதி அந்தத் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டது. அதைக் கண்டித்து மறுநாள் கூடிய கூட்டம்தான் சிக்காகோ ஹேமார்க்கெட் கூட்டம். நாம் கொண்டாடும் மே தினத்தின் வேர் அங்கே இருக்கிறது. வயலில் கையை மாற்றிய கம்பெனி, தன் வாசலிலேயே கையை மாற்றியபோது வெடித்தது. மே தினம் கொண்டாடும் எத்தனை பேருக்கு அந்தத் தொழிற்சாலை கதிரறுக்கும் இயந்திரம் செய்த தொழிற்சாலை என்று தெரியும்?

1902இல் மெக்கார்மிக், டீரிங் முதலான கம்பெனிகள் இணைந்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆனது. 1963இல் அந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாஸும் மகிந்திராவும் சேர்ந்து இந்தியாவில் ஒரு டிராக்டர் கம்பெனி தொடங்கின. பி-275 என்ற மாடல் அப்படித்தான் இங்கே வந்தது. நம்மூர்ச் சேற்றில் ஓடிய மகிந்திரா டிராக்டரின் வம்சாவளியைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் வால்நட் குரோவ் கொல்லுப்பட்டறையில் போய் முட்டும். அமெரிக்காவில் அந்தக் கம்பெனி 1980களில் உடைந்து கைமாறிப்போனது. இங்கே டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

ஆகவே பண்ணையை ஏன் அப்படியே வைத்திருக்க வேண்டும்? இயந்திரத்தை வாஷிங்டனிலோ சிக்காகோவிலோ ஒரு கண்ணாடிக் கூண்டில் வைத்தால் போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இயந்திரம் தனியாக இருக்கும். கீழே ஒரு பெயர்ப்பலகை, அதில் ஒரே ஒரு பெயர். பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பண்ணை அப்படி விடாது. பட்டறை இருந்தால் துருத்தி ஊதியது யார் என்று கேட்கத் தோன்றும். செங்கல் வீட்டைப் பார்த்தால், அடுப்பில் நின்றது யார், எங்கே படுத்தார்கள் என்று தோன்றும். ஆலை இருந்தால் மூட்டை தூக்கியது யார் என்று தோன்றும். ஒரு பண்ணையை ஒரே ஆள் நடத்தியிருக்க முடியாது என்பது அதன் பரப்பளவிலேயே எழுதியிருக்கிறது. பண்ணையைக் காப்பாற்றுகிற குடும்பம் தன் பெருமையைக் காப்பாற்றத்தான் அதைச் செய்கிறது. ஆனால் கட்டடங்களை முழுசாக விட்டுவைத்தால் அவை குடும்பம் சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடும்.

நம் பக்கம் இது இன்னும் பெரிதாகத் தொடங்கவில்லை. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அழகான வீடு. முற்றம், திண்ணை, குதிர் என்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் எந்த விவசாயி வீட்டுக்கும் பின்னால் ஒரு களம் உண்டு, அதற்கும் அப்பால் ஒரு சேரி உண்டு. வீட்டைப் பெயர்த்து எடுத்துவிடலாம். அந்த இடைவெளியை எப்படிப் பெயர்த்துக்கொண்டு வருவது?

டெல்டாவில் இப்போது அறுவடை என்றால் மெஷின்தான். வாடகைக்கு வரும், மணிக்கணக்கில் காசு, ஒரே நாளில் வயல் காலி. அரிவாள் பிடித்து அறுக்கத் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டே வருகிறார்கள். பிடி அரி எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், சாய்ந்த பயிரை எந்தப் பக்கத்திலிருந்து ஏற வேண்டும், ஈரத்தாளை எப்படிக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு. அது இருப்பது அவர்கள் கையில். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, முன்பு அறுப்புக்கு வந்த ஒரு பெரியம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். "இதையெல்லாம் போய் எழுதுவியாக்கும்?" என்று சிரித்தார். பிறகு ஒரு கரண்டிக் காம்பை அரிவாள் மாதிரிப் பிடித்து, மணிக்கட்டு எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டினார். இடது கை காற்றில் தாளை வளைத்துப் பிடித்தது.

மெக்கார்மிக் இயந்திரத்தின் சுழலும் சட்டம் செய்யும் அதே வேலை. நாளைக்கு நம்மூரில் யாராவது ஒரு பழைய பண்ணையை அருங்காட்சியகமாக ஆக்கினால், அங்கே மகிந்திரா டிராக்டர் ஒன்று நிச்சயம் நிற்கும், பண்ணையார் படம் சுவரில் மாட்டியிருக்கும். இந்தப் பெரியம்மாக்களின் பெயர்களை இப்போதே எழுதி வாங்கி வைத்தால்தான் அவையும் அந்தச் சுவரில் இருக்கும். ஜோ ஆண்டர்சனின் பெயர் புத்தகத்தில் ஏற நூறு வருஷம் ஆனது. எங்கள் ஊரில் அவ்வளவு காலம் கிடையாது.